மயில் ஏன் பெருகியது? ஏழாம் வகுப்புக்குச் சூழல் மண்டலமும் அறிவியல் முறையும்

காங்கயம், தாராபுரம், மூலனூர் வட்டாரத்தில் விவசாயிகள் நாலு பேர் கூடினால் மயில் பேச்சு வராமல் இருப்பது அபூர்வம். விதைத்த சோளத்தைக் கிளறித் தின்கிறது, கடலைக்காய்ச் செடியைத் தோண்டுகிறது, தக்காளியைக் கொத்திப் போடுகிறது என்று புகார் சொல்கிறார்கள். இழப்பீடு கேட்டு மனுவும் கொடுக்கிறார்கள். கூடவே ஒரு விளக்கமும் வரும்: "நரி இருந்த வரைக்கும் மயில் அளவா இருந்துச்சுங்க. நரி போச்சு, மயில் பெருகிருச்சு."

டீக்கடையிலும் செய்தியிலும் இந்த விளக்கத்தைக் கேட்ட ஏழாம் வகுப்புப் பிள்ளை, 'உணவுச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் என்ன நடக்கும்?' என்ற கேள்விக்கு இதையே எடுத்துக்காட்டாக எழுதுகிறது. மதிப்பெண்ணும் கிடைக்கிறது.

அந்த விளக்கம் சரியாகவே இருக்கலாம். ஆனால் அது சரி என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? யாராவது நரியை எண்ணினார்களா, மயிலை எண்ணினார்களா? வேறு காரணம் இருக்க வழியே இல்லையா? நம் வகுப்பறையில் இந்தக் கேள்விகள் எழுவதில்லை. சூழல் மண்டலம் ஒரு பாடமாகவும் அறிவியல் முறை வேறொரு பாடமாகவும் நடக்கின்றன. முதலாவதில் புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு என்று அம்புக்குறி போட்ட படம் இருக்கிறது. இரண்டாவதில் உற்றுநோக்கல், கருதுகோள், சோதனை, முடிவு என்ற பட்டியல் இருக்கிறது. இரண்டும் மனப்பாடமாகி, தேர்வோடு மறந்துபோகின்றன. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை நடத்த வேண்டும் என்பதும், அதற்குக் கொங்கு நாட்டில் நடந்துபோகிற தூரத்திலேயே இடம் இருக்கிறது என்பதும்தான் இங்கே சொல்ல வருவது.

சூழல் மண்டலம் என்பது என்ன?

இந்தச் சொல்லை 1935-ல் எழுத்தில் கொண்டுவந்தவர் ஆர்தர் டான்ஸ்லி என்ற பிரிட்டிஷ் தாவரவியலாளர். ஓர் இடத்து உயிர்களை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்துப் பேச முடியாது என்று அவர் வாதிட்டார். அந்த இடத்தின் மண், நீர், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரே அமைப்பாகப் பார்க்க வேண்டும் என்றார். அந்த அமைப்புதான் சூழல் மண்டலம்.

இதைப் பிள்ளைகளுக்குக் காட்ட அமேசான் காட்டுப் படம் தேவையில்லை, கொரங்காடு போதும். கொரங்காடு என்பது காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர் பக்கத்து மானாவாரி மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். அதில் மேய்வது காங்கயம் மாடும் மேச்சேரி ஆடும் எருமையும். மழை குறைவான இந்தப் பூமியில் பல தலைமுறையாக நிலைத்து நிற்கிற ஏற்பாடு இது. இதன் பகுதிகளை இப்படிப் பிரிக்கலாம்:

1. உயிரற்ற காரணிகள்: வெயில், மழை, மண், வெப்பம். ஐப்பசி மழை தவறினால் அடுத்த கோடையில் புல் இல்லை.

2. உற்பத்தியாளர்கள்: சூரிய ஒளியைக் கொண்டு தமக்கான உணவைத் தாமே செய்துகொள்பவை. கொழுக்கட்டைப் புல், வெள்வேலம், கிளுவை, நரிப்பயறு.

3. நுகர்வோர்: பிறவற்றை உண்டு வாழ்பவை. புல்லைத் தின்னும் மாடும் வெட்டுக்கிளியும், வெட்டுக்கிளியைப் பிடிக்கும் கரிச்சானும் உண்ணிக்கொக்கும், ஓணானைத் தின்னும் பாம்பும் இதில் அடங்கும்.

4. சிதைப்பவை: செத்ததையும் கழிவையும் மண்ணுக்குத் திருப்புபவை. பூஞ்சையும் பாக்டீரியாவும் இந்த வேலையைச் செய்கின்றன. சாணி வண்டும் கறையானும் அவற்றுக்கு முன்னால் வந்து உடைத்துப் பொடியாக்கிக் கொடுக்கின்றன.

இந்த நான்கையும் எல்லாப் பிள்ளைகளும் எழுதிவிடுவார்கள். இதற்கு அடுத்த படிதான் விட்டுப்போகிறது. சூழல் மண்டலத்துக்குள் இரண்டு ஓட்டங்கள் நடக்கின்றன, இரண்டும் வேறுவேறு விதமானவை.

ஆற்றல் ஒருவழிப் பாதையில் போகிறது. வெயிலில் இருந்து புல்லுக்கும், புல்லில் இருந்து மாட்டுக்கும் போகிறது. ஒவ்வொரு படியிலும் பெரும்பகுதி அந்த உயிர் நடக்க, மூச்சுவிட, உடம்பைக் காக்கச் செலவாகி வெப்பமாக வெளியேறிவிடும், திரும்பி வராது. அடுத்த படிக்குப் போவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் என்று பாடப்புத்தகத்துப் 'பத்து சதவீத விதி' சொல்வது இதைத்தான். 1942-ல் ரேமண்ட் லிண்டெமன் அமெரிக்காவின் ஒரு சிறு ஏரியை ஆராய்ந்து எழுதிய கட்டுரையில் இருந்து வளர்ந்த கருத்து அது. பத்து என்பது தோராயமான கணக்குதான். இடத்துக்கு இடம், உயிருக்கு உயிர் மாறும். இதையும் ஆசிரியர் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் பிள்ளை அதைக் கூட்டல் வாய்பாடு போல எடுத்துக்கொள்ளும்.

சத்து அப்படி இல்லை, அது சுற்றிச் சுற்றி வரும். புல்லில் இருந்த நைட்ரஜன் மாட்டுக்குப் போகிறது, சாணியாக மண்ணுக்கு வருகிறது, மறுபடி புல்லாகிறது. அறுவடை முடிந்த காட்டில் புழுக்கை எருவாகட்டும் என்று காசு கொடுத்து ஆட்டுப்பட்டி போடச் சொல்லுகிற எந்த விவசாயிக்கும் இந்தச் சுழற்சி தெரியும். வகுப்பில் 'நைட்ரஜன் சுழற்சி' என்று படம் வரையும் முன் பட்டி போடுவதைப் பற்றிக் கேட்டால் பாதிப் பாடம் பிள்ளைகளிடம் இருந்தே வந்துவிடும்.

அறிவியல் முறை என்பது என்ன?

ஒரு விளக்கம் சரியா தவறா என்பதை, சொல்லுபவரின் வயதையோ பதவியையோ பார்க்காமல் சோதித்து அறியும் ஒழுங்குதான் அறிவியல் முறை. அதற்கு ஐந்து சொற்கள் புரிந்தால் போதும்.

கருதுகோள்: பார்த்த ஒன்றுக்கு நாம் தரும் தற்காலிக விளக்கம். அது தவறாகிப்போக வழி இருக்க வேண்டும். 'எல்லாம் இயற்கையின் சமநிலை' என்பது கருதுகோள் ஆகாது, ஏனென்றால் என்ன நடந்தாலும் அதைச் சொல்லிவிடலாம்.

கணிப்பு: 'என் கருதுகோள் சரியானால் இதைச் செய்தால் இப்படி நடக்க வேண்டும்' என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. முன்கூட்டியே என்பதுதான் இதில் முக்கியம்.

மாறி: சோதனையில் மாறுகிற அல்லது மாற்றுகிற எதுவும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்றவை ஒன்றுபோல இருக்க வேண்டும்.

கட்டுப்பாடு: எதையும் மாற்றாமல் ஒப்பிடுவதற்காக வைத்துக்கொள்ளும் ஜோடி.

திரும்பச் செய்தல்: ஒரே முறை கிடைத்த முடிவு தற்செயலாக இருக்கலாம் என்பதால் பல தடவை செய்து பார்ப்பது.

இவற்றில் கட்டுப்பாடுதான் பிள்ளைகளுக்குக் கடினமாக இருக்கும். அதற்கு நல்ல எடுத்துக்காட்டு 1668-ல் இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி செய்த சோதனை. அழுகும் இறைச்சியில் இருந்து புழு தானாகவே உண்டாகிறது என்று அந்தக் காலத்தில் பலரும் நம்பினார்கள். ரெடி சில ஜாடிகளில் இறைச்சியைப் போட்டுத் திறந்து வைத்தார், சிலவற்றை இறுக மூடினார். திறந்த ஜாடியில் புழு வந்தது, மூடியதில் வரவில்லை. அத்தோடு நிறுத்தியிருந்தால் 'நீங்கள் காற்றையும் அல்லவா அடைத்துவிட்டீர்கள்?' என்று எளிதாகக் கேட்டிருப்பார்கள். அதனால் மூன்றாவதாகச் சில ஜாடிகளை மெல்லிய வலைத்துணியால் மூடினார். காற்று உள்ளே போகும், ஈ போகாது. அந்த இறைச்சியிலும் புழு இல்லை. ஈக்கள் துணியின் மேல் முட்டையிட்டன. எதிர்க்கேள்வியை முன்கூட்டியே யோசித்து அதற்கும் ஒரு ஜாடி வைத்த அந்த மூன்றாவது படிதான் அறிவியல் முறையின் உயிர்.

அந்த வலைத்துணியைக் கொரங்காட்டுக்குள் கொண்டு போகலாம்.

ஒன்பது சாணிக் குவியல்

கேள்வி: கொரங்காட்டில் விழும் சாணி எங்கே போகிறது?

மாடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளைகள் 'வண்டு உருட்டிக்கிட்டுப் போயிரும்' என்பார்கள், 'காஞ்சு போயிரும்' என்பார்கள், 'மழையில கரைஞ்சுரும்' என்பார்கள். மூன்றுமே கருதுகோள்கள். கரும்பலகையில் மூன்றையும் எழுதிவிட்டு ஒன்றைச் சோதனைக்கு எடுத்துக்கொள்ளலாம்: சாணி மறைவதில் வண்டுக்குப் பெரும்பங்கு உண்டு. கணிப்பு: வண்டு வராமல் தடுத்தால் சாணி அதிக நாள் கிடக்கும்.

செய்முறை:

1. ஒரே பட்டியில், ஒரே காலையில் விழுந்த சாணியை அன்னக்கூடையில் சேர்த்து நன்றாகக் கலக்க வேண்டும். ஒவ்வொரு மாட்டின் தீனியும் வேறாக இருக்கும் என்பதால்தான் இந்தக் கலவை. அந்த மாடுகளுக்குச் சமீபத்தில் குடற்புழு மருந்து கொடுத்தார்களா என்றும் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சில மருந்துகள் சாணியிலும் தங்கி வண்டின் புழுக்களைக் கொல்லும்.

2. கிலோ கிலோவாக எடைபோட்டுப் பத்துக் குவியல் எடுக்க வேண்டும். பத்தாவதைப் பள்ளிக்குக் கொண்டுபோய் வெயிலில் காயவைத்து எடைபோட வேண்டும். பச்சைச் சாணியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். இந்தப் பத்தாவது குவியல் இல்லாவிட்டால், வெறுமனே காய்ந்ததை 'வண்டு தின்றது' என்று எழுதிவிடுவோம்.

3. மீதி ஒன்பதில் மூன்றைத் திறந்தபடி வைக்க வேண்டும். மூன்றைக் கொசுவலையால் முழுக்க மூடி, வலையின் விளிம்பில் மண் அணைக்க வேண்டும். கடைசி மூன்றுக்கு அதே வலையைக் குச்சி நட்டுக் கூரை போல மேலே மட்டும் கட்ட வேண்டும், நான்கு பக்கமும் திறந்திருக்கட்டும். ரெடியின் மூன்றாவது ஜாடி இதுதான். வலையின் நிழலால் சாணி மெதுவாகக் காய்ந்ததா, வண்டு வராததால் கிடந்ததா என்பதைப் பிரித்துக் காட்டும்.

4. எந்தக் குவியல் எந்த இடத்தில் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்ய வேண்டும். நாமே தேர்ந்தெடுத்தால் நமக்குப் பிடித்த முடிவுக்குத் தோதான இடத்தில் தெரியாமலேயே வைத்துவிடுவோம்.

5. முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள் பார்த்து, மேல் தோலில் எத்தனை துளை, எத்தனை வண்டு, அடியில் புது மண் வந்திருக்கிறதா என்று எழுத வேண்டும். கடைசி நாளில் எல்லாவற்றையும் எடுத்து, மண்ணை உதறி, காயவைத்து எடைபோட வேண்டும்.

மழை பெய்து நிலம் ஈரமான பிறகு செய்தால் வண்டு நன்றாக வரும். ஏழெட்டுப் பிள்ளைகள் ஒரு குவியலைச் சுற்றிக் குந்தி, குச்சியால் தோலை மெல்ல நீக்கிப் பார்க்கும்போது, உள்ளே கறுப்பாகப் பயறு அளவில் வண்டுகள் நகரும். கிளறினால் காலை மடக்கிச் செத்தது போலக் கிடக்கும். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தால் மறுபடி எழுந்து, முன்கால் இரண்டையும் மண்வெட்டி போல வைத்துத் தோண்டத் தொடங்கும். சிதைத்தலைப் பற்றி எத்தனை பக்கம் படித்தாலும் கிடைக்காத ஒன்று அந்த இரண்டு நிமிடத்தில் கிடைக்கும்.

சரி, முடிவு எப்படி வரலாம்? வகுப்பில் முன்கூட்டியே இதைப் பேசிவிட வேண்டும்.

திறந்ததும் கூரை போட்டதும் வேகமாகக் குறைந்து, முழுக்க மூடியது மட்டும் கிடந்தால் கருதுகோளுக்கு ஆதரவு கிடைத்தது என்று எழுதலாம். 'நிரூபித்துவிட்டோம்' என்று எழுதக் கூடாது, ஒரு பருவத்தில் ஒரு காட்டில் கிடைத்த ஆதரவு அவ்வளவுதான்.

திறந்தது மட்டும் குறைந்து, வலை போட்ட இரண்டு வகையும் கிடந்தால் வலையின் நிழலோ, வலையைப் பார்த்து வண்டு ஒதுங்கியதோ காரணமாக இருக்கலாம். அடுத்த சோதனை அங்கே தொடங்கும்.

மூன்றும் ஒன்றுபோலக் குறைந்தால்? பல வகுப்புகளில் இந்த இடத்தில்தான் 'எக்ஸ்பெரிமெண்ட் ஃபெயில்' என்று நோட்டை மூடுகிறார்கள். மூடக் கூடாது. மூடிய குவியலைப் புரட்டிப் பார்க்க வேண்டும். அடியில் கறையான் மண் ஏறியிருக்கலாம். வலை மேலிருந்து வருவதைத் தடுக்கும், கீழிருந்து வரும் கறையானை எப்படித் தடுக்கும்? வறண்ட நிலத்தில் சாணியைக் காலி செய்வதில் கறையானுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆக, 'வண்டுக்குப் பெரும்பங்கு' என்ற கருதுகோள் இந்தக் காட்டில், இந்தப் பருவத்தில் நிற்கவில்லை. அந்தப் பிள்ளைகள் தங்கள் ஊர் நிலத்தைப் பற்றிப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இதற்கு அப்புறம், வண்டே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டால் ஆஸ்திரேலியாவைச் சொல்லலாம். ஐரோப்பியர்கள் அங்கே மாடுகளைக் கொண்டு போனார்கள். அந்த நாட்டுச் சாணி வண்டுகள் பெரும்பாலும் கங்காரு போன்ற விலங்குகளின் சிறிய, காய்ந்த புழுக்கைக்குப் பழகியவை. மாட்டுச் சாணி மாதக்கணக்கில் அப்படியே கிடந்து புல்லை மறைத்தது, ஈ பெருகியது. கடைசியில் 1960-களில் அந்த நாட்டு அறிவியல் நிறுவனம் வெளிநாட்டுச் சாணி வண்டுகளை வரவழைத்து, சோதித்து, மேய்ச்சல் நிலங்களில் விடத் தொடங்கியது. ஒரு கண்ணி இல்லாத உணவு வலை எப்படி இருக்கும் என்பதற்குப் படத்தில் வரையும் அம்புக்குறியை விட இது தெளிவான பதில்.

2008-ல் கோவையில் வந்த பூச்சி

ஆஸ்திரேலியா தூரம். கொங்கு நாட்டிலேயே, பெற்றோர்கள் கண்ணால் பார்த்த நிகழ்வு ஒன்று இருக்கிறது.

பப்பாளி மாவுப்பூச்சி மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் சேர்ந்தது. இந்தியாவில் 2008-ல் முதன்முதலாகக் கோவையில் கண்டறியப்பட்டது. பப்பாளியில் தொடங்கிக் குச்சிக்கிழங்கு (மரவள்ளி), மல்பெரி, பருத்தி, காய்கறி என்று பரவியது. இலை, தண்டு, காய் எல்லாம் வெள்ளை மாவு அப்பியது போல ஆனது. மருந்து அடித்தும் பெரிதாகக் கேட்கவில்லை, ஏனென்றால் அதன் உடம்பை மூடியிருக்கும் மெழுகு மருந்தை உள்ளே விடாது. பட்டுப்புழு வளர்ப்பவர்கள் பாடு இன்னும் மோசம், மல்பெரியில் மருந்து அடித்தால் புழுவே செத்துவிடும்.

அறிவியலாளர்கள் யோசித்த விதத்தைப் படிப்படியாகப் பார்த்தால் ஏழாம் வகுப்புப் பாடம் முழுவதும் அதில் இருக்கிறது.

1. உற்றுநோக்கல்: இதே பூச்சி தன் சொந்த நாட்டில் இப்படி அழிவு செய்வதில்லை.

2. கருதுகோள்: அங்கே அதைக் கட்டுக்குள் வைக்கும் எதிரி உண்டு, இங்கே பூச்சி மட்டும் வந்தது, எதிரி வரவில்லை.

3. கணிப்பு: அந்த எதிரியைக் கொண்டுவந்து விட்டால் மாவுப்பூச்சி குறைய வேண்டும்.

4. எச்சரிக்கைச் சோதனை: 2010-ல் போர்ட்டோ ரிக்கோவில் இருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் வரவழைக்கப்பட்டன. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுக்குச் சிறியவை, மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். வேறு நன்மை செய்யும் பூச்சிகளைத் தாக்குமா என்று தனிமைக் கூடத்தில் சோதித்த பிறகே வெளியே விட்டார்கள்.

5. விட்ட பின் எண்ணிக்கை: விட்ட வயல்களில் மாவுப்பூச்சி சில மாதங்களில் கடுமையாகக் குறைந்தது. மூன்றில் அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவி நன்றாக நிலைகொண்டது.

இந்த நான்காவது படியில் ஆசிரியர் சற்று நிற்க வேண்டும். சீமைக் கருவேலமும் ஆகாயத்தாமரையும் சோதித்துப் பார்க்காமல் கொண்டுவரப்பட்டுத்தான் நம் குளங்களையும் தரிசுகளையும் பிடித்துக்கொண்டன. வெளியில் இருந்து வரும் எதுவும் கெட்டது என்றும் சொல்ல முடியாது, நல்லது என்றும் சொல்ல முடியாது. சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ இதன் தொடர்ச்சி போன்றது. ஓலையின் அடியில் வட்ட வட்டமாக வெள்ளை மெழுகு, அதற்குக் கீழே உள்ள ஓலைகளின் மேற்பக்கத்தில் கரும்பூசணம். அதற்கும் ஓர் ஒட்டுண்ணிக் குளவி இங்கேயே காணப்பட்டது. கண்டபடி மருந்து அடித்தால் அந்தக் குளவியும் சாகும் என்பதால்தான் மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டச் சொல்கிறார்கள். தென்னந்தோப்பு உள்ள ஊர்ப் பள்ளியில் ஒரு சுலபமான சோதனை செய்யலாம். ஒரே அளவில் மஞ்சள், நீலம், வெள்ளை அட்டைகளில் விளக்கெண்ணெய் தடவி ஒரே உயரத்தில் கட்டி, மறுநாள் எண்ணிப் பார்க்கலாம். மஞ்சள் என்று ஏன் சொல்கிறார்கள் என்பதைப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும்.

கேள்விப்பட்டதைச் சோதிக்க ஒரு பாலிதீன் பை

சீமைக் கருவேலம் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும், அதனால்தான் மழை இல்லை என்று வாட்ஸ்அப்பில் பல ஆண்டுகளாக ஒரு செய்தி சுற்றுகிறது. தாவரங்கள் பொதுவாக வேரால் நீரை எடுத்து இலை வழியாக ஆவியாக வெளியே விடுகின்றன. இதை நீராவிப்போக்கு என்பார்கள். சீமைக் கருவேலக் கிளை ஒன்றிலும் வேப்பங்கிளை ஒன்றிலும் காலையில் ஒளி ஊடுருவும் பாலிதீன் பையை இறுகக் கட்டிவிட்டு மதியம் பார்த்தால் போதும், பையின் உட்பக்கம் நீர்த்துளி நிற்கும். கட்டுப்பாடாக ஒரு காய்ந்த குச்சியிலும் பை கட்ட வேண்டும். காற்றில் இருந்த ஈரமே பையில் படிந்திருக்கலாமே என்ற எதிர்க்கேள்விக்கு அந்தக் குச்சிதான் பதில்.

இதை வைத்துச் சீமைக் கருவேலம் தீங்கற்றது என்று யாரும் முடிவுசெய்யக் கூடாது. ஆழமாக வேர்விட்டு நிலத்தடி நீரைக் குடிப்பது, மற்றச் செடிகளை வளர விடாமல் அடர்ந்து படர்வது எல்லாம் உண்மையான சிக்கல்கள். தவறான காரணத்தைச் சொல்லிச் சரியான செயலைச் செய்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. காரணம் தவறென்று ஒருநாள் தெரியும்போது செயலின் மேலும் நம்பிக்கை போய்விடும், அதுதான் ஆபத்து.

வகுப்பறைச் சிக்கல்கள்

நேரம் இல்லை என்பது முதல் சிக்கல். நாற்பது நிமிட வகுப்பு, நாற்பது பிள்ளைகள். சாணிச் சோதனையின் களவேலை மொத்தம் நான்கைந்து நாள்தான், இடையில் பாடம் வழக்கம் போல நடக்கும். 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் திட்டம் ஆறு முதல் எட்டு வரை உள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்துபார்க்கும் அறிவியலுக்காகவே வந்தது, அந்த நேரத்தை இதற்குப் பயன்படுத்தலாம். பத்து முதல் பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கான தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கும் இதையே வளர்த்து எடுத்துப்போகலாம்.

இரண்டாவது, மதிப்பெண். இப்போது பிராஜெக்ட் என்றால் ஸ்டேஷனரிக் கடையில் தெர்மாகோல் வாங்கி, அப்பாவோ அக்காவோ ஒட்டிக்கொடுக்கும் மாதிரி வடிவம்தான். அழகாக இருந்தால் முழு மதிப்பெண். இதை மாற்ற வேண்டும். கேள்வி தெளிவாக இருக்கிறதா, கணிப்பைச் சோதனைக்கு முன்பே எழுதினார்களா, கட்டுப்பாடு வைத்தார்களா, எண்களை அடித்துத் திருத்தாமல் அப்படியே எழுதினார்களா என்று இந்த நான்குக்கும் மதிப்பெண் கொடுத்து, 'சரியான விடை வந்ததா' என்பதற்குச் சுழியம் வைக்க வேண்டும். விடைக்கு மதிப்பெண் வைத்த அன்றே பிள்ளை விடைக்கு ஏற்றபடி எண்ணை எழுதக் கற்றுக்கொள்ளும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்தால் மீதி மெல்ல வந்து சேரும்.

மூன்றாவது, பாதுகாப்பு. காட்டுக்காரரிடம் முன்கூட்டியே அனுமதி, காலில் செருப்பு, கல்லையும் புதரையும் கையால் புரட்டாமல் நீளக் குச்சியால் தள்ளுவது, வெயில் ஏறும் முன் திரும்புவது, சாணியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது. பாம்பைக் கண்டால் விலகி நிற்க வேண்டும்.

கொரங்காடு இல்லாத ஊர்ப் பிள்ளைகளுக்குக் குளம் இருக்கிறது. திருப்பூரில் நஞ்சராயன் குளமும் ஈரோட்டுப் பக்கம் வெள்ளோடும் ராம்சர் என்ற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றவை. வெள்ளோடு 2022-ல் சேர்ந்தது, நஞ்சராயன் 2024-ல். கோவைக்குச் சிங்காநல்லூர், உக்கடம் பெரியகுளம். அதுவும் தொலைவு என்றால் பள்ளி மதிலோரத்துச் செடிகளும் எறும்புகளும் போதும்.

அரசியல் சட்டத்தின் 51-ஏ பிரிவில், குடிமக்களின் அடிப்படைக் கடமைகளில், காடு, ஏரி, ஆறு, காட்டுயிர் உள்ளிட்ட இயற்கைச் சூழலைக் காப்பது ஓர் உட்பிரிவு. அதற்கு நேர் அடுத்த உட்பிரிவு அறிவியல் மனப்பான்மையையும் ஆராயும் உணர்வையும் வளர்ப்பது. 1976-ல் 42-ஆவது திருத்தம் இரண்டையும் பக்கம் பக்கமாகவே வைத்திருக்கிறது. பள்ளியிலும் அப்படியே இருக்கலாம்.

மறுபடியும் மயில்

'நரி குறைந்ததால் மயில் பெருகியது' என்பதை ஏழாம் வகுப்பு எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும்? முதலில் போட்டிக் கருதுகோள்களை வரிசையாக எழுத வேண்டும்.

1. நரி, காட்டுப்பூனை போன்றவை குறைந்ததால் தரையில் இடும் மயில் முட்டையும் குஞ்சும் பிழைக்கின்றன.

2. மயில் 1963-ல் தேசியப் பறவை ஆனது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு உச்சப் பாதுகாப்பு உண்டு. வேட்டை குறைந்ததால் பெருகியது.

3. தரிசாகக் கிடக்கும் நிலங்களில் சீமைக் கருவேலப் புதர் அடர்ந்து, மறைவிடம் கிடைத்தது.

4. ஆழ்துளைக் கிணற்றுப் பாசனத்தால் ஆண்டு முழுக்கத் தீனியும் தண்ணீரும் கிடைக்கின்றன.

5. மொத்த எண்ணிக்கை அவ்வளவாகக் கூடவில்லை, வேறிடத்தில் இருந்தவை வயலுக்கு வந்துவிட்டன.

இவற்றில் இரண்டு மூன்று ஒன்றாகவே உண்மையாகவும் இருக்கலாம். அடுத்து, ஒவ்வொன்றும் சரியென்றால் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்க வேண்டும். மூன்றாவது சரியென்றால் புதர் உள்ள பக்கத்தில் மயில் அதிகமாகவும் வெட்டவெளிப் பக்கத்தில் குறைவாகவும் இருக்க வேண்டும். இது பிள்ளைகளால் எண்ணக்கூடியது. விடிந்ததும் ஒரு மணி நேரம், ஒரே தடத்தில் ஒரே வேகத்தில் நடந்து, இரண்டு பக்கமும் கண்ட மயிலைத் தனித்தனியே குறிக்கலாம். வெட்டவெளியில் மயில் கண்ணுக்கு எளிதில் படும், புதரில் படாது. இந்தக் கோணலையும் நோட்டில் எழுதி, அகவல் சத்தத்தைத் தனியே எண்ண வேண்டும்.

நரியின் கதைக்குப் பெரியவர்களிடம் போக வேண்டும். "ஏனுங்க அப்பாரு, நீங்க சின்னப் பையனா இருக்கறப்ப இங்க நரி ஊளையிடுமுங்களா? கடைசியா எப்பக் கேட்டீங்க?" என்று கேட்டு, ஒவ்வொருவர் சொல்லும் ஆண்டையும் தனித்தனியே குறிக்க வேண்டும். "நரி போனதால்தானே மயில் வந்துச்சு?" என்று கேட்கக் கூடாது, விடையை நாமே வாயில் வைத்துவிட்டதாகிவிடும். நினைவும் ஒரு வகைச் சான்றுதான், ஆனால் பிசகக்கூடிய சான்று. இருபது பேரிடம் தனித்தனியே கேட்டால் பிசகு எவ்வளவு என்பதாவது தெரியும். நரி போனதாகச் சொல்லப்படும் காலம் மயில் வந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்குப் பிந்தியது என்று வந்துவிட்டால், முதல் கருதுகோள் அந்த ஊரில் ஆட்டம் காண்கிறது. முந்தியது என்று வந்தால் தாக்குப் பிடிக்கிறது, அவ்வளவுதான். இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததாலேயே முதலாவது இரண்டாவதற்குக் காரணம் ஆகிவிடாது.

ஓர் ஊரின் நோட்டை வைத்து இதைத் தீர்க்க முடியாது. நரிச் சத்தம் இன்னும் கேட்கிற ஊரும், கேட்டு வருசங்கள் ஆன ஊரும் வேண்டும். மூலனூரில் ஒரு பள்ளி, குண்டடத்தில் ஒன்று, சென்னிமலை அடிவாரத்தில் ஒன்று, அரவக்குறிச்சியில் ஒன்று என்று தை மாதத்தின் ஒரே வாரத்தில், ஒரே படிவத்தில், ஒரே ஒரு மணி நேரம் எண்ணி, நான்கு நோட்டையும் ஒரு மேசையில் வைத்தால்தான் 'நரி போச்சு, மயில் வந்துச்சு' என்பதைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.